தையல் போட்ட டோஸ்ட்

"மாமா, நீங்க எப்பக் கிளம்பறீங்க?"

கேட்டே விட்டாள். வீட்டுக்கு வந்தவரிடம் வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்த கேள்வி. அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

மாமா பேப்பரை மடித்தார். அம்மாவின் அண்ணன். முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஒரு நிமிடம் பிந்தாமல் வண்டி எடுப்பார் என்று டிப்போவில் பெயர் வாங்கியவர். ரெண்டே நாள் என்று சொல்லி வந்தார், இன்றைக்கு நாற்பத்து மூன்றாவது நாள். வண்டி நகர்கிற வழியைக் காணோம்.

வந்த அன்றே அவளுடைய அறையை அம்மா அவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவள் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் பாய் விரித்தாள். ஃப்ரிட்ஜாவது நடுவில் கொஞ்சம் ஓய்வெடுக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் குறட்டைக்கு அந்த நல்ல பழக்கம் இல்லை. விடிந்தால் ரேடியோ. குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் அவளுக்கு 'பட்டதாரி' என்று பெயர் வைத்திருந்தார். பட்டதாரி, தண்ணி கொண்டா. பட்டதாரி, குழாய் சொட்டுது, உன் படிப்புல இதுக்கு வழி இருக்கான்னு பாரு. இத்தனைக்கும் கொண்டுவந்த பெட்டியை அவர் இன்னும் திறக்கக்கூட இல்லை. கையில் இருந்த இரண்டு சட்டையையே மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறக்காதவர் எப்படி இப்படி வேர் விட்டார் என்பது அவளுக்குப் புரியவில்லை.

அவளுக்கு ஒரு வேலை வந்திருந்தது. ரயிலில் ஒன்பது மணி நேரத் தூரத்தில், தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில். வேதியியல் படித்தவளுக்குக் கனவு வேலை. ஆனால் அப்பா போனபிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர். அம்மா சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வீங்கிய மணிக்கட்டோடு வருகிறவள். அவளைத் தனியே விட்டுவிட்டு எந்த வேலையும் வேண்டாம் என்று பட்டதாரி அறிவித்த மறுவாரம்தான் மாமா வந்து இறங்கினார். ஆய்வுக்கூடத்து மேடம் இரண்டு தடவை நாள் தள்ளிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது கெடு இன்று சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. முடியாது என்றுதான் சொல்லப்போகிறாள். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டு ஆயுசு முழுக்க ஃப்ரிட்ஜோடு குடும்பம் நடத்த அவள் தயாராக இல்லை. மாமா கிளம்பியாக வேண்டும்.

"கிளம்பறதுக்கென்ன பட்டதாரி," என்றார் மாமா. "ஒரே ஒரு ஆசை. அது நிறைவேறினா அடுத்த வண்டி."

ஆசை அவருடைய போனில் ஒரு பலகாரப் படமாக இருந்தது. கடைசி நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெரிய ஹோட்டலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் அதைத் தின்பதை முப்பத்தோரு வருடம் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து பார்த்தாராம். தடித்த ரொட்டித்துண்டின் வயிற்றைக் கீறி, ஒரு பக்கம் சீஸும் வதக்கிய வெங்காயமும் காளானும், மறுபக்கம் வாழைப்பழமும் சாக்லேட்டும் திணித்து, முட்டையும் பாலும் கலந்ததில் முக்கி, வெண்ணெயில் பொரித்து, மேலே தேன். ஃப்ரெஞ்ச் டோஸ்ட். காலைக்கும் மதியத்துக்கும் நடுவே பதினோரு மணிக்குத் தின்ன வேண்டுமாம். இரண்டு வேளைக்கும் ஒரே சாப்பாடு என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்ப மதியத்துக்கு என்ன என்று மாமா கேட்டதும் வாடியது.

பேக்கரிக்கு ஓடினாள். வெட்டாத முழு ரொட்டி வேண்டும் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பேக்கரிக்காரர் இயந்திரத்தில் விட்டு இருபது துண்டாக்கிவிட்டார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் முழு ரொட்டி கிடைத்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியது. கத்தி பட்டதும் அழுதுவிடுவதுபோல் குழைந்தது. கீறினால் கிழிந்தது.

காய வைத்தால் சரியாகும் என்று வாட்டினாள். செங்கல்லானது. செங்கல்லை முட்டைப் பாலில் ஊறப் போட்டாள். மழையில் நனைந்த மெத்தையானது. மெத்தைக்குள் சரக்கை வைத்து மூடினால் ஒரு பக்கம் காளான் எட்டிப் பார்த்தது, மறுபக்கம் சாக்லேட் கசிந்தது. பல் குத்தும் குச்சியைச் செருகினாள். குச்சி இருந்தது, ரொட்டி அதை விட்டு விலகிப் போய்விட்டது.

அதுவரை வேடிக்கை பார்த்த அம்மா, ஊசியும் வெள்ளை நூலும் எடுத்து வந்தாள்.

"அம்மா, இது ரொட்டி."

"பட்டன் தைக்கிற கைக்கு ரொட்டி தைக்கத் தெரியாதா? தள்ளு."

நான்கு துண்டுக்கும் சுற்றி ஓரம் அடித்தாள். நெருக்கமான தையல். பல்லால் நூலை அறுத்தாள். ஆய்வுக்கூடம் வரை போகவேண்டிய படிப்பு, இங்கே தைத்த ரொட்டியைப் பொரிக்கப் போகிறதே என்று முணுமுணுத்தபடி பட்டதாரி அடுப்பைப் பற்றவைத்தாள்.

வீட்டு வாணலியில் நாலும் அடங்கவில்லை. கீழ்வீட்டு அக்காவிடம் கனத்த இரும்புச் சட்டி இரவல் வாங்கினாள். அந்தச் சட்டிக்குச் சூடேற நேரமாகும், ஏறினால் இறங்காது என்று அக்கா எச்சரித்தாள். இறங்கவில்லை. வெண்ணெய் கறுத்தது. புகை ஜன்னலை விட்டுவிட்டு மாடிப்படி வழியாகக் கீழே போய் அக்காவையே கூட்டிக்கொண்டு வந்தது. வந்தவளை அம்மா உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னபிறகு தட்டு வைக்காமல் இருக்க முடியுமா? நாலு துண்டுக்கு நாலு பேர் என்றானது. மிச்சத்தை மாமாவின் தலையில் கட்டி, ரெண்டாகத் தின்னவைத்துத் திருப்தியாய் அனுப்பலாம் என்ற கணக்கும் கரிந்தது.

மணி பதினொன்றே முக்கால். மாமா கடித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். மென்றார். நிறுத்தினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு இழுத்தார். நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்ததும் அதைத் தட்டின் ஓரத்தில் சுருட்டி வைத்தார்.

"தையல் நல்லாருக்கு," என்றார். "ஆனா இனிப்பு இருக்க வேண்டிய இடத்துல காளான் இருக்கு. காளான் இருக்க வேண்டிய இடத்துல கரி இருக்கு. இதுக்கா முப்பத்தோரு வருஷம் காத்திருந்தேன்? அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை போட்டுப் பாரு பட்டதாரி. நான் எங்க போயிடப் போறேன்."

அக்கா குனிந்து தட்டைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

பட்டதாரி கத்தவில்லை. தட்டை உடைக்கவும் இல்லை. சமைத்தது நன்றாக இருந்தால் விட்டுப் போக மனமில்லை என்பார், மோசமாக இருந்தால் ஆசை தீரவில்லை என்பார். இந்த மனிதரைக் கிளப்புகிற டோஸ்டை உலகத்தில் எவனும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"மேடம், நான் வரேன். திங்கட்கிழமை காலையில அங்க இருப்பேன்."

மணி பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம்.

"உனக்குத் துணையில்லையேன்னுதாம்மா இத்தனை நாள் யோசிச்சேன்," என்றாள் அம்மாவிடம். "இனிமே என்ன? உங்கண்ணன்தான் அசைய மாட்டேங்கறாரே."

"ஆமா," என்றாள் அம்மா. அவ்வளவுதான். ஒரு பேச்சுக்காவது போகாதே என்று சொல்லுவாள் என்று பார்த்தால், அதுவும் இல்லை.

அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். மத்தியான ரயிலையே பிடித்துவிடுவது என்று பட்டதாரி தன் பெட்டியைத் திறந்தாள். ஐந்து நிமிட வேலைதான். அவளுடைய துணிமணிகளை எல்லாம் அம்மா போன வாரமே எதற்கோ தேய்த்து அடுக்கி வைத்திருந்தாள். நாற்பத்து மூன்று நாளாகத் தன் டம்ளரைக்கூடத் தானாக எடுக்காத மாமா எழுந்து வந்து, அவள் பெட்டியைத் தூக்கி மாடிப்படி வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். ரயிலுக்கு நேரமாச்சு என்று விரட்டினார். ஓட்டுநர் புத்தி திரும்புகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்தக் கோபத்தில் அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அம்மா காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள். அம்மாவின் பங்கு டோஸ்ட், கடிக்காமல் அப்படியே இருந்தது.

"தையலைப் பிரிச்சிட்டுச் சாப்பிடு," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

மூன்று மாடி இறங்கினாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டாள். கீழ்வீட்டு வாசலில் அக்கா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன்க்கா. இனிமே அந்த அறை அவருக்கே எழுதிவச்ச மாதிரிதான். ஆசை தீர இருக்கட்டும்."

தெருக்கதவைத் தள்ளி ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். பின்னால் அக்கா சட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அவரு எங்கடி இருக்கப் போறாரு? பத்தே நாள்ல நீ கிளம்பிடுவேன்னு உங்கம்மா சொல்லித்தான் வந்தாராம். நாப்பது நாளா இந்தப் படியில உக்காந்து என்கிட்ட ஒரே புலம்பல், 'இவ எப்பக் கிளம்பறது, நான் எப்ப என் வீட்டுக்குப் போறது'ன்னு."