நானூற்று எண்பத்தொரு லிட்டர் காலி இடம்

சவப்பெட்டி கல்லறை மாடத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க," என்றார் லிசாந்த்ரோ வாத்தியார்.

"இதுக்கு மேல தள்ளுனா சுவரு அந்தப் பக்கம் சாஞ்சிரும், மாப்பிள்ளை," என்றார் மைத்துனர் எலியாஸ்.

செத்தவர் வாத்தியாரின் மாமனார் கிளெமெந்தே. கண்ணை மூடுவதற்கு முன் மகள் பௌலினாவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்கம்மா கூடவே என்னைப் படுக்க வெச்சிரும்மா." அவளும் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

அம்மா போய்ப் பதினெட்டு வருஷம். சவப்பெட்டிகளைச் செருகி அடைக்கும் கல்லறைச் சுவரின் இரண்டாம் வரிசை மாடத்தில் இருந்தாள். எங்கள் ஊரில் அடுத்தவர் வந்தால் முன்னவர் எலும்பாகச் சுருங்கி இடம் விட வேண்டும். நேற்று மாடத்தைத் திறந்து, எலும்புகளைக் கரும்புச் சாராயத்தில் கழுவி, பௌலினாவே கையால் எடுத்து ஒரு தேவதாருப் பெட்டியில் அடுக்கினாள்.

பெட்டி மருமகனின் உபயம். முப்பத்து நாலு வருஷம் வடிவியல் சொல்லிக்கொடுத்தவர் சும்மா இருப்பாரா? மேற்பரப்பைக் கணக்கிட்டு, சரியாகப் புள்ளி ஒன்பது சதுர மீட்டர் ஊதா வெல்வெட் வாங்கி வந்தார். மடிப்புக்குத் துணி விட வேண்டும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை. அதனால் பெட்டியின் அடிப்பக்கம் மட்டும் அம்மணமாக இருந்தது.

"இடம் போதுமான்னு பாத்தீங்களா?" என்று பௌலினா நேற்றே கேட்டாள்.

"மாடம் ஆயிரத்து நூத்தி ஐம்பத்தஞ்சு லிட்டர். அப்பா அறுநூத்தி இருபது. அம்மா ஐம்பத்தி நாலு. மிச்சம் நானூத்தி எண்பத்தொண்ணு காலி," என்றார் வாத்தியார். "இன்னொரு மாமியார் வந்தாலும் தாங்கும்."

இப்போது உள்ளே அம்மா பின்சுவரை ஒட்டிக் குறுக்கே கிடந்தாள். அப்பா முன்னால் முட்டிக்கொண்டு நின்றார்.

வாத்தியார் கல்லறைக் கொத்தனார் ருஃபீனோவிடம் திரும்பினார். நாற்பது வயது ஆள், வாயில் குதப்பும் கோக்கா இலை, கையில் கரண்டி.

"மாடம் நீளம் எவ்வளவு?"

"இருநூத்தி இருபது சென்டிமீட்டர், சார்."

"பாத்தீங்களா, அளவு சரி! பதில்னா இப்படி இருக்கணும். கேட்டதுக்குக் கேட்ட மாதிரி." வாத்தியார் தெம்பானார். "அம்மாவை அப்பா மேல வைங்க."

சவப்பெட்டி மேலே இருபது சென்டிமீட்டர்தான் இடைவெளி. அம்மாவின் பெட்டியோ முப்பது. மூடியில் இருந்த சிலுவையைப் பெயர்த்துப் பார்த்தார்கள். சிலுவை போனதுதான் மிச்சம்.

"அப்பாவை ஒருக்களிச்சு நிறுத்துங்க. பக்கத்துல இடம் வரும்."

பெட்டியை வெளியே இழுத்துச் சாய்த்தார்கள். உள்ளே 'தொம்' என்று ஏதோ விழுந்தது. ஏதோ என்ன, அப்பாதான். பௌலினா அலறினாள். இடைவெளி இருபத்தைந்து வந்தது.

"அஞ்சுதானே குறையுது!" என்று வாத்தியார் கத்தினார்.

"பத்துலருந்து அஞ்சுக்கு வந்துட்டோம். அப்பா எந்திரிச்சுப் போறதுக்குள்ள கணக்கு முடிஞ்சிரும்," என்றார் எலியாஸ். "ஏட்டுச் சுரைக்காய்!"

துக்கப் பாட்டுகள் தீர்ந்துபோய், சவ ஊர்வலத்தோடு வந்த வாத்தியக்காரர்கள் கல்யாணப் பாட்டுக்குத் தாவியிருந்தார்கள். யாருக்கும் அவர்களைத் தடுக்கத் தோன்றவில்லை.

"சாந்து எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று வாத்தியார் கேட்டார்.

"அரை மணி, சார்."

"அது போதும். மாமா குள்ளம்தான். கால் பக்கம் பத்து சென்டிமீட்டரை அறுத்துருவோம்."

அறுத்தார்கள். அடிப்பலகை நெடுக விரிசல் விட்டது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளி, அறுத்த துண்டையே திரும்பப் பொருத்தி, விரிசலைக் கயிற்றால் கட்டினார்கள். கயிறும் முடிச்சுமாகப் பெட்டி முன்னைவிடப் பெருத்துவிட்டது. மாடத்தின் வாயில் நுழைவதே பெரும்பாடு என்றாகிவிட்டது.

சத்தம் கேட்டுக் கல்லறைக் காவலர் வந்தார்.

"உடைஞ்ச பெட்டியை ஒரு நிமிஷம் வெளிய வெச்சிருக்கக் கூடாது. நகராட்சிச் சட்டம். உடனே உள்ள தள்ளி மூடுங்க."

"அம்மா?" என்றாள் பௌலினா.

"இடம் இருந்தா வைங்கம்மா. இல்லேன்னா வேற எங்கயாவது பாருங்க."

"நாளைக்குத் திறந்து வெக்கலாமா?"

"மூடுனா பத்து வருஷம் கழிச்சுத்தான்."

நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கயிறு இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு அப்பா உள்ளே போனார். அம்மாவின் பெட்டி வெளியே தரையில் இருந்தது. ருஃபீனோ செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசினான். கடைசிச் செங்கல் போனதும் வாத்தியங்களும் நின்றன.

பௌலினா தரையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எழுபது வயதுக்கு அவளுக்கு இரண்டுதான் குறைவு. பத்து வருஷம் கழித்து இந்தச் சுவரைத் திறக்கத் தான் இருப்போமா என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் அழுததைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

"நானூத்தி எண்பத்தொரு லிட்டர்," என்றாள் கணவனைப் பார்த்து. "எங்கம்மாவுக்கு ஐம்பத்தி நாலு லிட்டர் இல்லாமப் போச்சு."

வாத்தியார் கணக்கு எழுதிய காகிதத்தை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் பிழை இல்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

அவள் கொத்தனார் பக்கம் திரும்பினாள். "மத்தவங்கல்லாம் எப்படிப்பா வெக்கிறாங்க?"

ருஃபீனோ கரண்டியைக் கழுவினான். "பெட்டியே வெக்க மாட்டாங்கம்மா. எலும்பை மாவுச் சாக்குல போட்டு, சவப்பெட்டி பக்கத்துல இருக்கிற சந்துல நீட்டமா அணைச்சு விட்டுருவோம். வளைஞ்சு குடுத்து உக்காந்துக்கும்."

"பாவி! இவ்வளவு நேரம் பக்கத்துலயே நின்னியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி. ஹைஸ்கூல் மூணாவது வருஷப் பரீட்சையில சார் இதே கணக்குக் குடுத்தாரு, உருளைக்கிழங்குப் பெட்டி வெச்சு. 'கன அளவு மிச்சம் இருக்கு, ஆனா பெட்டி போகாது, சாக்குல கொட்டுனா போகும்'னு எழுதுனேன். சார் முட்டை போட்டு, 'கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது'ன்னு சிவப்பு மையில எழுதிக் குடுத்தாரு. இன்னைக்கு எப்படி வெக்கிறதுன்னு நீங்கதாம்மா முதல்ல கேட்டீங்க."