முப்பத்தேழு முறை மாகறல்

எனக்குப் பொறுமை கிடையாது. காஞ்சிபுரம் பஸ் பத்து நிமிஷம் தாமதித்தால் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுகிற ஜென்மம் நான். (பாதி வழியில் இறங்கி அழுததும் உண்டு.) இப்படிப்பட்டவளை மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரில் வேலைக்கு வைத்தது யார் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணமாகி உத்திரமேரூர் வந்த புதிதில், வீட்டிலிருந்தே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். ஆறு மாதம் தற்காலிகம். கடைசி நாள் மூன்று மணிக்கு மேனேஜர் மேடத்துக்கு வேலையைச் செய்து காட்டினால் நிரந்தரம். சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பழைய பெரிய கம்ப்யூட்டரிடம் வெளியிலிருந்து வேலை வாங்க ஏபிஐ என்று வழிகள் உண்டு. ஒரு வகை, கேட்டதும் பதில் சொல்லும். இன்னொன்று க்யூ. சேதியைப் போட்டுவிட்டு நம் பாட்டுக்குப் போய்விட வேண்டும். அது நேரம் வரும்போது எடுத்துச் செய்யும். மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லாம் ஒன்றுதானே என்று நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தேன்.

அந்தக் கடைசி நாள் காலையில் ஒத்திகை பார்த்தேன். பாலிசிதாரரின் முகவரியை மாற்றும் சேதி. மாமனார் பெயர், மாமனார் போன் நம்பர், புது முகவரிக்கு வாயில் வந்த ஊர் மாகறல். க்யூவில் போட்டேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன், வந்து அழுத்தினேன். மொத்தம் முப்பத்தேழு தடவை. மதியம் வரை க்யூவை நிறுத்தி வைத்திருப்பதாக மெயில் வந்திருந்ததாம். (படிக்கப் பொறுமை வேண்டுமே.)

இரண்டு இருபதுக்கு க்யூ திறந்தது. நெல் மண்டியிலிருந்த மாமனாரின் போனுக்கு, "உங்கள் முகவரி மாகறல் என மாற்றப்பட்டது" என்று ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு சேதி போக ஆரம்பித்தது. பரிசோதனைச் சேதி நிஜ போனுக்குப் போகும் என்று நான் கண்டேனா? மாகறலில் இருப்பவர் அவருடைய தம்பி. வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. தம்பி பட்டாவில் கை வைத்துவிட்டான் என்று முடிவுகட்டி மாகறலுக்கு வண்டியை எடுத்துவிட்டார் மாமனார்.

மூன்று மணி. "ரெண்டு வகைக்கும் இன்னா வித்தியாசம், சொல்லு" என்றார் மேடம், திரையில். வாயைத் திறந்தேன், மாமனார் போன். கட் பண்ணினேன். மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. மேடமே, "எடுத்துப் பேசும்மா" என்றார். அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டேன்.

"நீ கம்ப்யூட்டர் வேல பாக்கறவதான, இன்னாம்மா இது பேஜாரு? இவன்தான் பண்றான்னு வந்து சண்ட போட்டுக்கினு கீறேன். இவன் ரெண்டு கையயும் தூக்கிக் காட்டிக்கினு நிக்கறான். போன் பாட்டுக்கு வந்துகினே கீது."

பின்னாலிருந்து தம்பியின் குரல்: "என் போனு சார்ஜர்ல கீது, பாருண்ணா. இப்ப வந்தது இருபத்தொம்போது."

ஒப்புக்கொண்டேன். "மாமா, அது நான் அனுப்பினது. ஒரு தடவ போட்டுட்டு சும்மா இருந்திருக்கணும். பதில் வரலன்னு முப்பத்தேழு தடவ போட்டுட்டேன். அது ஒண்ணொண்ணா எடுத்து அனுப்பிக்கினு கீது. இன்னும் எட்டு வரும்."

மாமனார் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப எட்டும் வர்ற வரிக்கும் இங்கியே குந்திக்கினு கீறேன். டேய், டீ போடச் சொல்லு" என்றார், தம்பியிடம்.

மேடம் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "க்யூன்னா இன்னான்னு இதவிட யாரும் வெளக்கினதில்ல. ஆனா இன்னும் மூணு மாசம் தற்காலிகம்தான். காத்திருக்கக் கத்துக்க."

காத்திருந்தேன், நிரந்தரமானேன். பரிசோதனை மெஷினில் அந்த முகவரியை மட்டும் இன்றுவரை யாரும் திருத்தவில்லை. டிவி ரிமோட்டுக்கு எனக்கும் மாமனாருக்கும் தகராறு வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

"நான் என் வூட்டுக்குப் போறேன். அட்ரஸ் மாகறல்ல கீது. நீ போட்டதுதான்."

சொன்னபடி போய், தம்பி வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் வருவார்.