சுகம் விசாரிக்காமல் எழுதிய மூன்று வரி

கிண்ணியா,
6.10.1964

அன்பும் கண்ணியமும் மிக்க மச்சான் அபூதாஹிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், என் உம்மா, உங்கள் தங்கை றஹ்மா, பிள்ளைகள் மூவர், போன கிழமை குட்டி போட்ட ஆடு உட்பட எல்லோரும் இறைவன் கிருபையால் சுகம். அங்கே நீங்கள், மச்சி சுபைதா, பிள்ளைகள், உங்கள் முழங்கால் வலி எல்லாம் எப்படி? இந்த விசாரிப்பை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். இதை எழுதாமல் விட்டதால் எனக்கு வந்த கேட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தக் கேட்டுக்கு முழுக் காரணமும் நீங்கள்தான்.

துறைமுகத்து உரக் களஞ்சியத்தில் நான் பதினேழு வருடமாக ஸ்டோர் கீப்பர். எங்கள் மனேஜர் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். அவருடைய கதிரையில் நான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து கழுத்துப்பட்டியோடு வரும் யாரோ ஒருவர் உட்காருவார். அப்படி ஒருவர் வந்துவிட்டால் நான் சாகும்வரை மூட்டை எண்ண வேண்டியதுதான். இது தெரிந்துதானே நீங்கள் எழுதினீர்கள், “மச்சான், இப்ப கம்பனிகள் அனுபவத்தப் பார்க்கிறதில்ல, தொடர்பாடல் திறமையத்தான் பார்க்குது” என்று? எழுதியதோடு விட்டீர்களா? பாடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புத்தகங்களில் ஐந்தைப் பஸ்ஸிலும் அனுப்பி, டவுனில் கனகரத்தினம் மாஸ்டர் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் என்னைச் சேர்த்தும் விட்டீர்கள். நாற்பத்தாறு வயதில், பத்தாம் வகுப்புப் பெடியன்கள் உட்காரும் வாங்கில், முழங்கால் தொண்டையில் இடிக்க உட்கார்ந்தேன்.

முதலாம் பாடம்: எதிரில் நிற்பவரின் கண்ணை நேராகப் பார், கையை இறுக்கிக் குலுக்கு. திங்கட்கிழமை காலை பாரம் தூக்கும் தங்கமுத்துவின் கையை அப்படிப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயா, போன கிழமை கிழிஞ்ச மூட்டைய நான் கிழிக்கயில்ல, சத்தியமா” என்றார். எந்த மூட்டை என்றே எனக்குத் தெரியாது. அன்று பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று பேர் தானாக வந்து தங்கள் குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பாடம்: பிறர் சொல்வதைக் கவனமாகக் கேட்டு, அதையே உன் வார்த்தையில் திருப்பிச் சொல். அதை வீட்டில் பழகினேன். றஹ்மா, “மீன் வாங்கி வரல்லையா?” என்றா. “நான் மீன் வாங்கி வரவில்லை என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள்” என்றேன். “உங்களுக்கு என்ன புடிச்சிருக்கு?” என்றா. “எனக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள்” என்றேன். அரை மணித்தியாலத்துக்குள் பள்ளிவாசல் லெவ்வை வீட்டு வாசலில் நிற்கிறார், ஓதிய தண்ணீர்ச் செம்போடு. குடித்தேன், மச்சான். வேறு என்ன செய்ய?

நேர்முகப் பரீட்சைக்கு வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று நாலாம் பாடம் சொல்லிற்று. றஹ்மாவைக் கதிரையில் இருத்தி, கொழும்பு டிரெக்டராக நினைத்துக்கொண்டு புத்தகத்தில் உள்ள கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். “உங்கள் குறைபாடு ஒன்றைச் சொல்லுங்கள்” என்று வாசித்துவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் அவவே பதில் சொல்லத் தொடங்கினா. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு தொடங்கியது, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளியில் வாங்கு சொல்லும்போதுதான் நின்றது. கலியாணத்தன்று நான் பிந்தி வந்தது முதல் அதில் இருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஐந்தாம் பாடம்தான் என் மானத்தை வாங்கியது. வர்த்தகக் கடிதம் மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது, விஷயத்தை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும், சொந்த விசாரிப்புகள் நேர விரயம். மாஸ்டர் அதைக் கரும்பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டார். கிளிவெட்டி கமக்காரர் சங்கத் தலைவர் தங்கத்துரையை உங்களுக்குத் தெரியும். எங்கள் களஞ்சியத்தில் ஆகப் பெரிய வாடிக்கையாளர் அவர்தான். பதினேழு வருடமாக அவருக்கு நான் எழுதும் கடிதத்தில் முதல் பக்கம் வயல் எப்படி, மாடு எப்படி, மகளுக்கு வரன் அமைந்ததா. இரண்டாம் பக்கம் மழை. உரம் வந்த செய்தி கடைசியில் கையெழுத்துக்கு மேலே ஒரு மூலையில் இருக்கும். இந்த முறை பாடத்தின்படி எழுதினேன்: “உரம் வந்துவிட்டது. திங்கட்கிழமை வந்து எடுக்கவும். தாமதம் கூடாது.” எழுதி முடித்து நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன்.

திங்கட்கிழமைதான் நேர்முகப் பரீட்சை. டிரெக்டர் கொழும்பிலிருந்து வந்து மனேஜரின் அறையில் இருந்தார். நான் கண்ணைப் பார்த்தேன், கையைக் குலுக்கினேன். “மிஸ்டர் ஸெய்னுதீன், வாடிக்கையாளர்களோட உங்கட தொடர்பு எப்படி?” என்று அவர் கேட்டார். நான் பாடமாக்கிய பதிலைத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து படகுத்துறைப் பக்கமிருந்து பெண்கள் தலையிலடித்து அழும் சத்தம். மூதூர் லோஞ்சுப் படகில் கிளிவெட்டியே வந்து இறங்கியிருக்கிறது, மச்சான்! நாற்பது பேர், தோளில் அரிசி மூட்டை, பூசணிக்காய், வாழைக்குலை. சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாதாம். தங்கத்துரையின் மனைவி கனகமணியக்கா அறைக்குள்ளேயே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

“ஆர் தம்பி? உம்மாவோ?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல அக்கா. எல்லாரும் சுகம்.”

“ஒருத்தரும் சாகயில்லையெண்டா ஏன் அப்பிடி எழுதினீங்க? எங்கட மாட்டையும் கேக்கல்ல, மகளையும் கேக்கல்ல. வீட்டில பெரிய சாவு விழுந்திட்டுது, தம்பி சொல்லேலாம மறைக்குது எண்டு நாங்க ரெண்டு நாளா அடுப்பு மூட்டயில்ல!”

தங்கத்துரை அந்தக் கடிதத்தை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். டிரெக்டர், “இவங்க யார்?” என்றார். “இவர்கள்தான் ஐயா வாடிக்கையாளர்கள்” என்றேன். அவர் கடிதத்தை எடுத்து வாசித்து, “கடிதத்தில் ஒரு பிழையும் இல்லையே” என்றார். “அதுதான் ஐயா பிழை” என்றார் தங்கத்துரை. வெட்கத்தில் எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அதே நேரம், எனக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்து கடல் கடந்து வந்தவர்களைப் பார்த்து அழுகையும் வந்தது. அழுதேவிட்டேன், டிரெக்டருக்கு முன்னாலேயே. அவர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார், தொப்பியை எடுத்தார், போய்விட்டார். எட்டு நாளாயிற்று, ஒரு தகவலும் இல்லை.

ஆகவே மச்சான், அந்தக் கதிரை எனக்கு வேண்டாம். கழுத்துப்பட்டிக்காரரே வந்து இருக்கட்டும். மனிதரை மனிதர் சுகம் விசாரிப்பது நேர விரயம் என்று சொல்லித் தரும் படிப்பு நமக்கு ஏலாது. மிச்சம் ஏழு புத்தகங்களையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அனுப்பினால் அந்தப் பஸ்ஸிலேயே திருப்பி ஏற்றுவேன். ஐந்து புத்தகமும் இப்போது குசினியில் இருக்கின்றன, றஹ்மா அவற்றின் மேல்தான் சூடான சட்டியை இறக்கி வைக்கிறா. கனகரத்தினம் மாஸ்டரை டவுனில் கண்டால் நான் மறு பக்கத்தால் நடக்கிறேன்.

மச்சிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசி வெயிலில் இருங்கள். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் எனக்குக் கொஞ்சம் பொறுமையையும் தரும்படி துஆச் செய்யும்,

தங்கள் மச்சான்
ஸெய்னுதீன்

பி.கு.: இதை மடித்துவைத்துவிட்டுத் தபாலில் போட மறந்தே போனேன், இன்று ஒன்பதாம் திகதி. நேற்று கம்பனிக் கடிதம் வந்தது. நாற்பது வாடிக்கையாளர் அழுதுகொண்டு வரும் களஞ்சியத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லையாம். என்னையே மனேஜராக்கிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். இன்று காலை அந்தக் கதிரையில் முதல் தரம் உட்கார்ந்தால் மேசையில் கிளார்க் யோகலிங்கத்தின் கடிதம். என் உம்மாவின் சுகம், ஆட்டுக்குட்டியின் சுகம், பருவ மழை என்று மூன்று பக்கம். இரண்டு நாள் லீவு வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தின் அடியில். ஒரு மனேஜருக்கு இதையெல்லாம் வாசிக்க எங்கே நேரம்? அவரைச் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டேன். மிச்ச ஏழு புத்தகங்களையும் கையோடு அனுப்பிவிடுங்கள்.