மேளதாளத்தோடு ஒரு கடைசிச் சொல்

நெடுஞ்செவி நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். வரைந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அங்கே மனு கொடுக்கும் பழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. சாகிறவர் கடைசியாக எதைக் கேட்கிறாரோ, அதை மன்னர் செய்து கொடுத்தாக வேண்டும். ஊருக்கு ஒரு செவியர் உண்டு. யாருக்காவது மூச்சு இழுக்கிறது என்றால் அவர் வந்து, வாயருகே காதை வைத்துக் கேட்டு, தெருமுனையில் நின்று உரக்கச் சொல்வார். அந்த நாட்டுக் கிணறுகளும் பாலங்களும் அப்படி வந்தவைதான். உயிரோடு இருப்பவன் பேச்சை எவனும் கேட்பதில்லை என்பதால் அதை நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

புதிதாகப் பட்டத்துக்கு வந்த மன்னருக்கு அன்னப்பறவை என்றால் உயிர். நாட்டின் ஒரே பெரிய ஏரியின் மதகை அடைத்து, சுற்றிலும் வேலி போட்டு, அதில் அன்னங்களை நீந்தவிட்டார். கீழே வயல் காய்ந்தது. கிணறுகளில் உப்பு ஏறியது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வயிறு வீங்கியது. செத்தவர்கள் எல்லோரும், பேசி வைத்துக்கொண்டது மாதிரி, ஒன்றையே கேட்டுவிட்டுப் போனார்கள்: "மதகத் தொறந்து விடுங்க."

வழக்கத்தை மீறினால் பட்டம் செல்லாது. அன்னங்களைக் கைவிடவும் மனமில்லை. மன்னர் அமைச்சர் திருவாய்நம்பியை அழைத்தார்.

"பிரபு, மக்களின் கடைசிச் சொல்லை நம்மைப்போல் மதிப்பவர் யார்?" என்றார் அமைச்சர். "அதனால்தான் அது கோழையோடும் இருமலோடும் வெளிவருவதை நம்மால் சகிக்க முடியவில்லை. காய்ச்சல் பிதற்றலா ஒரு குடிமகனின் சாசனம்? உடம்பு திடமாக இருக்கும்போதே, நல்ல உடை உடுத்தி, மேளதாளத்தோடு அதைச் சொல்லிவிடட்டும்."

அப்படியே சட்டம் ஆயிற்று. ஆடி மாதத்தில் விழா எடுத்தார்கள். ஒவ்வொருவரும் மேடையேறித் தம் கடைசிச் சொல்லை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று அரசே இரண்டு சொற்களைத் தயார் செய்து வைத்திருந்தது. ஒன்று "மன்னர் வாழ்க". மற்றது "மன்னர் நீடூழி வாழ்க". இரண்டில் எதைச் சொல்வது என்பது முழுக்க மக்களின் உரிமை என்று அமைச்சர் அறிவித்தார். சொல்லிவிட்டு இறங்கியவர்களுக்கு ஏரித் தண்ணீரில் காய்ச்சிய பாயசம் கிடைத்தது. பலர் அதற்காகவே வந்தார்கள். உப்புத் தண்ணீர் குடித்த வாய். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விழா முடிந்ததும் அடுத்த சட்டம் வந்தது. கடைசிச் சொல்லுக்குப் பிறகு இன்னொரு சொல் வந்தால் அது எப்படிக் கடைசியாகும்? ஆகவே, கொடுத்துவிட்டவர்கள் பொது இடத்தில் கொடுத்த சொல்லைத் திரும்பச் சொல்லலாம். புதிதாக ஒன்றும் சொல்லக்கூடாது. மீறினால் வாயைத் தைத்துவிடுவார்கள். அதற்கென்றே ஊசியும் நூலும் கொடுத்துக் காவலர்களை நியமித்தார்கள்.

இந்த நிலையில்தான் கீழ்மடையூரில் சடையன் என்கிற உழவன் சாகக் கிடந்தான். மனைவி பொன்னுருவி செவியரைக் கூட்டி வந்தாள். அவர் குனிந்து காதை வைத்தார்.

"மதகு... மதகத் தொறக்கச் சொல்லு," என்றான் சடையன். அதோடு மூச்சு நின்றது.

"கேட்டீங்கல்ல ஐயா? போய்த் தெருமுனையில சொல்லுங்க."

"அவரோட கடைசிச் சொல்லப் போன ஆடியிலயே வாங்கியாச்சும்மா. இது காய்ச்சல்ல வர்ற பேச்சு."

"உங்க காதுல விழுந்துச்சா, இல்லியா?"

"விழுந்துச்சு," என்றார் செவியர். "நானும் என்னோடதக் குடுத்துட்டேம்மா. வேற வார்த்த என்னால சொல்ல முடியாது."

பொன்னுருவி அழுதாள். அழுகைக்கு இன்னும் சட்டம் வரவில்லை. மடியில் மகள் குயிலி படுத்திருந்தாள், மூன்று வயதுக் குழந்தை. அதற்கும் வயிறு உப்பத் தொடங்கியிருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று உறைத்தது. நாடே சொல்லைக் கொடுத்துத் தீர்த்துவிட்டது. பிள்ளைகளை யாரும் மேடையேற்றவில்லை; குயிலியின் சொல் இன்னும் மிச்சம் இருந்தது. சட்டம் எழுதியவர்கள் பாயசத்துக்கு முந்திரி எத்தனை என்றுகூட எழுதிவிட்டு, சொல்கிறவருக்கு என்ன வயது இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்திருந்தார்கள்.

அடுத்த ஆடி வரை அடுப்படியில் வைத்து மகளுக்குச் சடையன் கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளையே சொல்லிக் கொடுத்தாள். ஊராருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. விழா நாளில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க் குழந்தையை மேடையில் நிறுத்திவிட்டு ஒதுங்கினாள். அதன் வயிறு இன்னும் பெரிதாகி, பாவாடை நாடா அவிழ்ந்து தொங்கியது. குழந்தை கூட்டத்தைப் பார்த்தது, அமைச்சரைப் பார்த்தது.

"மதகத் தொறங்க," என்றது. பிறகு யாரும் சொல்லித் தராததையும் சொன்னது. "வயிறு வலிக்குது."

மேளம் நின்றது. திருவாய்நம்பி வெளிறிப்போனதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். சொன்னது செல்லும். நோயாளியின் படுக்கையில் அல்ல, மேடையில், மேளதாளத்தோடு, சட்டப்படி சொன்ன சொல்.

அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெருமக்களே, இந்த அரசு எதையும் தானாக முடிவு செய்வதில்லை. சாகிறவர் பேச்சு பிதற்றல் என்றால், பால்குடி மறந்து சில நாளே ஆன குழந்தையின் பேச்சு வெறும் மழலை அல்லவா? ஆயினும் தீர்ப்பு உங்களுடையது. இந்தக் குழந்தையின் சொல்லை ஏற்க வேண்டும் என்போர் இப்போதே உரக்கச் சொல்லலாம். சட்டத்துக்கு உட்பட்டு."

ஊசிக் காவலர்கள் கூட்டத்தைச் சுற்றி நின்றார்கள். எத்தனையோ பேர் அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் அந்தக் குழந்தையைப் பார்த்தார்கள். சும்மா இருக்க முடியவில்லை. கையை உயர்த்தி, கண்ணில் நீர் வழிய, நெஞ்சு வெடிக்கிற மாதிரி அதற்காகக் கத்தினார்கள். அவர்கள் கத்த அனுமதி இருந்ததைக் கத்தினார்கள்.

"மன்னர் வாழ்க. மன்னர் வாழ்க."

அமைச்சர் கைகூப்பி, மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்பதாகச் சொன்னார். மேளம் மறுபடி தொடங்கியது. பொன்னுருவி மேடையேறி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கத்திக் கத்தி அவளுக்கும் தொண்டை கட்டியிருந்தது.