ஆதித்தாய் விருந்தாளி ஆன வரலாறு

மனித குலத்தின் முதல் மொழி எது என்ற மாபெரும் கேள்விக்கு, காற்றோட்டமில்லாத ஓர் அறையில் கையைத் தூக்கியே விடை கண்ட பெருமை 'ஆதிகுடி ஆய்வுக் கழக'த்தையே சேரும். அறிவியல் அதற்கு முன் இவ்வளவு சிக்கனமாக நடந்ததில்லை.

கழகத்தின் செயலாளர் மெத்தப் படித்தவர். ஆற்றங்கரை மேட்டில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்ததும் முதலில் பூரித்துப்போனவர் அவர்தான். தலைமாட்டில் ஒரு மண்கலயம், அதன் கழுத்தில் மூன்று கீறல்கள். மொழி வல்லுநர் கலயத்தைத் தலைகீழாகப் பிடித்து, நம் மொழியில் 'தாய்' என்று படித்தார். நேராகப் பிடித்தால் என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு கட்டுப்பாடான சபை. பக்கத்தில் கிடந்த ஓட்டைக் கல்லைச் சமய வல்லுநர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இதுவே முதல் கடவுள் என்றார். மீன்வலையில் கட்டுகிற கல் மாதிரி இருக்கிறதே என்றார் ஓர் உறுப்பினர். அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அழைப்புப் போகவில்லை.

இவ்வாறு அந்த எலும்புக்கூடு 'ஆதித்தாய்' ஆனது. கழகத்தில் முதுகெலும்புள்ளவள் அவள் ஒருத்திதான். அவள் பேசியது நம் மொழி, கும்பிட்டது நம் கடவுள் என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்கு ஒரு வாலும் இருந்தது: ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் பின்னால் வந்தேறியவர்கள், ஆகவே அவர்கள் மொழிக்குத் தனிப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் செயலாளரின் மனைவி பாடம் நடத்திவந்தாள். அக்கரைக்காரி. பெண் கேட்கப் போனபோது அவளுடைய மொழியில் நாலு வரி பாடித்தான் மாமனாரை வழிக்குக் கொண்டுவந்தார் செயலாளர். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்ட அன்று, சாப்பிட உட்கார்ந்தவரிடம் அவள் கேட்டாள்.

"நீங்களும் கை தூக்கினீங்களா?"

"கொள்கை அளவுலதான்."

"எந்தக் கையை?"

செயலாளர் அந்தக் கையை மெல்ல மேஜைக்கு அடியில் கொண்டுபோனார்.

ஆதித்தாயின் புகழை உலகறியச் செய்யும் ஆசையில், கழகமே அவளுடைய பல் ஒன்றை மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. முடிவு வந்தது. ஆதித்தாய்க்கு நெருங்கிய சொந்தம் அக்கரை மக்கள்தான்.

தலைவர் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். இந்தப் பல் சொத்தை, வேறு பல் அனுப்புவோம் என்றார் சமய வல்லுநர். செயலாளருக்கு ஒரு கணம் வீட்டு நினைவு வந்தது. உண்மையை ஒப்புக்கொண்டால் பள்ளிக்கூடம் திறக்கும், பதவி பறக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நம்ம தீர்மானத்துல தப்பே இல்லீங்க. இந்தம்மா விருந்தாளியா வந்த இடத்துல செத்துப்போயிருக்காங்க. அவ்வளவுதான்."

கைதட்டல் அடங்க நேரமானது. செயலாளருக்கு 'ஆதிமொழிக் காவலர்' பட்டம் கிடைத்தது. ஆதித்தாய் கண்ணாடிப் பேழையிலிருந்து அட்டைப்பெட்டிக்கு மாற்றப்பட்டு, 'சொந்த ஊரான' அக்கரைக்கு அனுப்பப்பட்டாள். கலயத்தைக் கொடுக்கவில்லை. அதில் நம் மொழி இருக்கிறதே!

பட்டத்தோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்றார்.

"காலங்காலமா இந்த மண்ணுலயே படுத்துக் கிடந்தவளே விருந்தாளின்னா, நான் யாருங்க?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.

உயிரோடு இருப்பவர்களைத் துரத்திய நாகரிகங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. கட்டியவளையும் செத்தவளையும் ஒருசேரத் துரத்திவிட்டு, செத்தவளின் கலயத்தை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்ட பெருமை நம் செயலாளர் ஒருவருக்கே உரியது.