நாலரைக் கிலோவுக்கு நன்றி

அன்பும் அடக்கமும் நிறைந்த மச்சானுக்கு,

உன் அக்காளைக் கட்டி இருபத்தாறு வருடமாகியும் முழுசாக இருக்கிற உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள், உன் மருமகள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் ஸ்பேனர் பெட்டியும் சுகமா என்று தெரியப்படுத்தவும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், உனக்குப் பொழுதுபோன மாதிரியும் இருக்கும்.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய நாலு பக்கக் கடிதம் வந்தது. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. போன மாதம் என் பழைய பேப்பர் கடைத் தராசை ரிப்பேர் பார்த்தபோது பதினொரு ஸ்க்ரூ கழற்றிப் பத்துதான் மாட்டினாயாம், பதினோராவது உன் சட்டைப்பையில் இருந்து துவைக்கிற கல்லில் விழுந்ததாம், அன்றிலிருந்து தூக்கம் இல்லையாம், தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாயாம். மச்சான், நீ சுவரில் படம் மாட்டவே ரசமட்டம் வைத்துப் பார்க்கிற ஆள். அதனால் உனக்கு இது பெரிய விஷயம். ஆனால் இது நான் உனக்கு நன்றி சொல்லி எழுதுகிற கடிதம். கேலி இல்லை, நிஜமாகத்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். உன் மருமகள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறாள் அல்லவா, அங்கே நாலு சுவரிலும் நிலைக்கண்ணாடி, போதாததற்கு எந்த முகத்துக்கு எந்த ஃப்ரேம் என்று ஒரு அட்டை, நீள்வட்டம், சதுரம், வட்டம் என்று. அந்தக் கடை மேனேஜரம்மா ஒருநாள் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக இவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இதோ பாருங்க, இந்தப் பொண்ணு மாதிரி வட்ட முகத்துக்கு இது எடுக்காது" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். தலை வகிடு ஒரு மயிர் கோணினாலும் அவிழ்த்துச் சீவுகிற பிள்ளை, அன்று முதல் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஒரு எடை மெஷின் வாங்கி வந்து காலையில் மூன்று தரம் ஏறி இறங்குவாள். ஐம்பது வர வேண்டுமாம், ஐம்பத்துநாலில் நிற்கிறதாம். நான் சும்மா இருந்தேனா, "வட்டமா இருந்தா என்ன, உருண்டா போயிடும்?" என்று கேட்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. அவள் பிறந்தபோதே நாலு கிலோ, அப்போது குண்டு பல்பு என்று பேர் வைத்தவனும் நான்தான், தெரு முழுக்க அதைச் சொல்லிக் கூப்பிட வைத்தவனும் நான்தான். இந்த வயது வரைக்கும் அவளும் சிரித்துக்கொண்டே வந்ததால் வலிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன், மச்சான். ஒருநாள் கடைப் படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள், ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். அன்றைக்குத்தான் கேலி பேசுவதை நிறுத்தினேன்.

உன் அக்காள் தன் பங்குக்கு அந்த மெஷினை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டாள். "அழுக்கா இருந்துது, கழுவினேன். இதுக்கு ஏன் ரெண்டு பேரும் என்னை இப்படிப் பாக்குறீங்க?" என்றாள். மெஷின் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை பிள்ளை வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்து, பேப்பர் கட்டுகளைத் தள்ளிவிட்டு என் தராசில் ஏறி நின்றாள். முள் நாற்பத்தொன்பதரையில் நின்றது. "அப்பா, நாலரைக் கிலோ குறைஞ்சிருக்கேன், பாருங்க" என்றாள். எனக்குத் தெரியும், நீ ரிப்பேர் பார்த்ததிலிருந்து எதை வைத்தாலும் நாலரைக் கிலோ குறைத்துத்தான் காட்டுகிறது, நாலரைக்குக் கீழே வைத்தால் முள் அசையவே அசையாது. முந்தின நாள்தான் அச்சாபீஸ் பைண்டர், "என்னண்ணே, போன மாசம் இதே மூட்டை அறுபது இருந்துச்சு, பேப்பரும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்கு நான் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் வாய்க்கணக்கில் நாலரையைக் கூட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், உன்னைக் கூப்பிட்டுச் சரிசெய்யவும் இருந்தேன். ஆனால் என் பிள்ளைக்கு மட்டும் கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா, குறைஞ்சிருக்க" என்றேன். அன்று ராத்திரி அவளே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். உன் அக்காள் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. சேதி கண்ணாடிக் கடைக்குப் போய், அங்கிருந்து தெருவுக்கு வந்து, தினமும் என் கடையில் பழைய பேப்பரைவிட ஜனம் அதிகம். செருப்பைக் கழற்றி, தோட்டைக் கழற்றி, மூச்சை இழுத்துப் பிடித்து ஏறுகிறார்கள். பேக்கரி மாஸ்டர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். அந்த மேனேஜரம்மாவே வந்து, "பழைய தராசுதாங்க கரெக்டா காட்டும்" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனாள்.

போன செவ்வாய்க்கிழமை தராசுக்கு முத்திரை போடுகிற அதிகாரி வந்தார். இருபது கிலோப் படிக்கல்லை வைத்தார், முள் பதினைந்தரை என்றது. "யாரைய்யா ஏமாத்துற?" என்றார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வாசலில் நிற்கிறாள். ஜெயிலுக்குக்கூடப் போய்விடலாம், இவள் மறுபடி தட்டைத் தள்ளிவிட்டால் என்ன செய்வது? ஆனால் படிக்கல்லே காட்டிக்கொடுத்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது, மொத்தக் கதையையும் அவர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "ஒரு வாரத்துல சரி பண்ணிடுங்க" என்றார். போகிறவர் திரும்பி வந்து தானும் ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட்டு, "பத்து நாள்கூட எடுத்துக்கங்க" என்றார்.

அவர் போனதும் பிள்ளையிடம், "அப்பா பொய் சொல்லிட்டேம்மா" என்றேன்.

"தெரியும்பா. மொத நாளே தெரியும். இருபது லிட்டர் தண்ணி கேனைத் தூக்கி வச்சுப் பாத்தேன், பதினாறு காட்டிச்சு."

"அப்புறம் ஏன்டா சாப்பிட்ட?"

"பசிச்சுதுப்பா. ரெண்டு மாசமா பசி. நானே போட்ட சட்டத்தை நானே மீற ஒரு சாக்கு வேணும்ல."

பேப்பர் கட்டு மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தக் குண்டு பல்பை மட்டும் விட்டுடுங்கப்பா" என்றாள். விட்டுவிட்டேன் என்றேன். விட்டுவிட்டேன், மச்சான்.

ஆகவே நீ தொழிலை விட வேண்டாம். நீ சரியாகச் செய்த வேலைக்கெல்லாம் கூலி வாங்கிக்கொண்டு போனாய், தப்பாகச் செய்த ஒன்றுதான் என் பிள்ளைக்குச் சோறு போட்டது. இனி தராசு சரியாகவே காட்டலாம், அவளே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை அந்த ஸ்க்ரூவோடு வந்து சேர். மனுஷன் எடையில் என்ன இருக்கிறது, அதைப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், இடையில் ஒன்றிரண்டு ஸ்க்ரூவை மறக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகுமுன், ஆளில்லாத நேரமாயிற்றே என்று நானும் தராசில் ஏறினேன். எண்பத்துநாலு காட்டியது. அதோடு விட்டிருக்கலாம், வாய்க்கணக்கு தெரிந்து தொலைத்ததால் நாலரையையும் கூட்டிவிட்டேன். மதியத்திலிருந்து தண்ணீர் மட்டும்தான். வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வா. அந்த ஸ்க்ரூவை மாட்ட வேண்டாம், முடிந்தால் இன்னும் இரண்டைக் கழற்று.