வாயடைப்புத் திட்டம்

அடுத்த பத்து நாளைக்கு இந்த வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சமையலறை வாசலில் நின்று ஆணை பிறப்பித்தார் பதிவறை எழுத்தர்.

ஆணைக்குப் பின்னால் ஒரு கள்ளத்தனம் இருந்தது. அலுவலகத்தில், வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் விசாரணை மேஜைக்கு ஆள் எடுக்கிறார்கள். மேலாளர் முன்னால் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பேசுவதைக் குறிக்கும், லத்தீன் வேரிலிருந்து முளைத்த முப்பது ஆங்கிலச் சொற்களை மேலாளரே பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார். அவையும் பேச்சில் வர வேண்டும். இரண்டு முறை போய் நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பியவர் நம்மவர். இது கடைசி வாய்ப்பு. விட்டால் ஓய்வு பெறும்வரை தூசிக் கோப்புகளோடுதான் குடித்தனம். மனைவியோ வாய் ஓயாதவள். அவர் கணக்கில் அவளுக்கு ஆங்கிலம் வராது. ஆக, வீடு அடங்கும், நிம்மதியாகப் படிக்கலாம்.

"சரிங்க," என்றாள் அவள். தமிழ் அத்தோடு நின்றது.

முதல் நாள் சொர்க்கம். மறுநாள் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"வேர் இஸ் மை டவல்?"

"வாட்?"

"டவல்! டவல்!"

"வாட்?"

உடம்பு துடைக்கும் துணி, நீல நிறம், நேற்று கொடியில் தொங்கியது என்று ஈரம் சொட்டச் சொட்ட ஆங்கிலத்தில் பிரசங்கமே செய்தார். அவள் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

காபிக்குக் கால் மணி நேரம், சட்டைப் பொத்தானுக்கு அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. எரிச்சலில், "யூ கான்ட்ரடிக்ட் மீ!" என்று கத்தினார். "வாட்?" என்றாள். 'கான்ட்ரா' என்றால் எதிராக, 'டிக்ட்' என்றால் சொல்வது என்று அதற்கும் ஒரு விளக்கம். 'லொக்வேஷஸ்' என்றால் லொடலொடவென்று பேசுபவர் என்று அவளையே உதாரணம் காட்டினார். பேசிக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான். 'சொலிலொக்வி', அதாவது தனக்குத்தானே பேசிக்கொள்வது, விளக்கமில்லாமலே அவருக்குப் புரிந்தது. அவள் குரல் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவே இல்லை.

ஏழாம் நாள் சரணடைந்தார். "தாயே, போதும். தமிழ்லயே பேசு!"

அவள் நாட்காட்டியைக் காட்டி மூன்று விரலை நீட்டினாள்.

பதினோராம் நாள் மேலாளர் முன் வாயைத் திறந்தார். ஐந்து நிமிடம் முடிந்தும் மூடவில்லை. முப்பது சொல்லும் வரிசையில் வந்து விழுந்தன. வேலை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மார்தட்டினார். "பாத்தியா? உன் வாயை அடைச்சேன், நாலு எழுத்து மண்டையில ஏறுச்சு. எல்லாம் என் திட்டம்!"

"புஸ்தகத்தையே பாத்துக்கிட்டிருந்தா நாக்கு திரும்புமாங்க? பேசினாத்தானே திரும்பும்," என்றாள் அவள். "அது சரி, பத்து நாளும் ஒண்ணுமே புரியாத மாதிரி நடிச்சேனே, எனக்கு எந்த மேனேஜர் மார்க் போடுவாரு?"